கை ஓங்கினார் என்றே வைத்துக்கொண்டாலும்

என் கையெழுத்து நன்றாக இருக்கும். பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்தப் பாழாய்ப் போன கையெழுத்தால்தான் இத்தனையும் வந்தது.

மறைமலைநகர்ப் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில், பிரஸ் ஷாப்பில், இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தேன். இரும்புத் தகட்டை வைத்தால் அச்சு இறங்கி ஒரே அடியில் வடிவம் கொடுத்துவிட்டு மேலே போகும். நாள் முழுக்க அந்தச் சத்தத்தில் நின்று காது பாதி போய்விட்டது. அதில் பன்னிரண்டு வருஷம் சங்கத்தில் கமிட்டி மெம்பர் வேறு. ஏதோ பெரிய பதவி என்று நினைக்க வேண்டாம். யாருக்காவது சார்ஜ் ஷீட் வந்தால் கேன்டீனில் என்னை இரண்டு வாய் நிம்மதியாகச் சாப்பிட விடமாட்டார்கள், அவ்வளவுதான். பக்கத்தில் வந்து நின்று, ஒன்று எழுதிக் கொடுங்கள் என்பார்கள். எழுதிக் கொடுப்பேன்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. குற்றச்சாட்டு எதுவானாலும் சரி, செய்தவனானாலும் செய்யாதவனானாலும் சரி, மூன்று நாளைக்குள் ஒரு மன்னிப்புக் கடிதம் கொடுத்துவிட வேண்டும். ஃபைலில் போட்டு மூடிவிடுவார்கள். எச்.ஆர். அதிகாரியே என்னைக் கூப்பிட்டு, கடிதம் வந்துவிட்டால் மேலே ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்று சொல்லி அனுப்புவார். நான் செய்யவில்லை என்று நியாயம் எழுதிக் கொடுத்தவன்தான் என்கொயரி, சஸ்பென்ஷன் என்று நாய் படாத பாடு படுவான். மன்னிப்பு எழுதினவன் மறுநாள் வழக்கம்போல் மெஷினில் நிற்பான்.

அதற்கென்று ஒரு வாசகம் வைத்திருந்தேன். "அன்றைய தினம் வேலைப் பளுவினால் ஏற்பட்ட கோபத்தில் வார்த்தை தடித்ததும் கை ஓங்கியதும் என் தவறுதான். இனி இதுபோல் நடக்காது." முதன்முதலில் யாருக்கோ எழுதினேன், அவன் தப்பித்தான். பலித்ததை எதற்கு மாற்றுவது என்று அதற்குப் பிறகு எல்லோருக்கும் அதையே எழுதினேன். கையெழுத்துப் போட்டவர்கள் யாரும் படித்ததில்லை. வாங்கி வைத்த எச்.ஆர். படித்ததில்லை. உண்மையைச் சொல்வதானால், எழுதிய நானே படித்ததில்லை.

என் நண்பனுக்கும் அப்படித்தான் எழுதினேன். அவன் என்னைவிட நாலு வயது சின்னவன். இரண்டு பேருக்கும் இரும்புலியூர்தான். எனக்கு இரண்டு தெரு தள்ளி அவன் வீடு. கம்பெனி பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து போய் வந்தவர்கள். வேலையில் கெட்டிக்காரன், வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

அன்று காலை ஷிப்ட். மெஷினுக்குள் கை போனால் தானாக நிற்பதற்கு ஒரு சென்சார் உண்டு. அது பழுதாகி, கை போகாமலேயே மெஷினை நிறுத்தி நிறுத்தி உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்குப் போக வேண்டிய சரக்கு போகவில்லை. சூபர்வைசர் வந்து, அதைக் கழற்றிவிட்டு ஓட்டு என்றார். இவன் மாட்டேன் என்றான். அவர் தானே ஒயரைப் பிடுங்கிவிட்டு ஓட்ட ஆரம்பித்தார். இவன் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான், அது நிஜம். சொல்லிவிட்டு அவர் தலைக்கு மேலே இருந்த சிவப்பு பட்டனை ஓங்கித் தட்டினான். அவர் பயந்து தலையைக் குனிந்துகொண்டார். மெஷின் நின்றது. நான் அடுத்த மெஷினில் இருந்தேன். இந்த இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

தன்னை அடிக்கக் கை ஓங்கினான் என்று சூபர்வைசர் எழுதிக் கொடுத்துவிட்டார். சார்ஜ் ஷீட் வந்தது. மறுநாள் கேன்டீனில் டீ ஆறுவதற்குள் கடிதத்தை எழுதி அவன் முன்னால் தள்ளினேன். என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டான். வழக்கமானதுதான், போடு என்றேன். போட்டான். அவன் கேட்டதற்கு ஒரு தடவை வாசித்தாவது காட்டியிருக்கலாம். காட்டவில்லை.

அந்த வருஷம் பார்த்து எச்.ஆருக்குப் புதிதாக ஒரு பெரிய அதிகாரி வந்திருந்தார். அவருக்கு எங்கள் வழக்கமெல்லாம் தெரியாது, தெரிந்துகொள்ளவும் இஷ்டமில்லை. குற்றத்தை அவனே எழுத்தில் ஒப்புக்கொண்டான், அப்புறம் என்ன என்றார். பேருக்கு இரண்டு நாள் என்கொயரி. நான் பார்த்ததைச் சொன்னேன். நீங்கள் சங்கத்து ஆள்தானே என்று சிரித்துவிட்டார்கள். டிஸ்மிஸ் ஆர்டர் பதிவுத் தபாலில் வீட்டுக்கே போனது.

தபாலைக் கையெழுத்துப் போட்டு வாங்கியது அவன் மனைவி. ஆர்டர் இங்கிலீஷில் இருந்தது, அந்தம்மாவுக்குப் புரியவில்லை. பின்னால் இணைத்திருந்த கடிதம் தமிழில் இருந்தது. என் அழகான கையெழுத்தில், அச்சடித்த மாதிரி, ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக.

அவர்களுக்குள் ஒரு பழைய கதை உண்டு. கல்யாணமான புதிதில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவன் கோபத்தில் மனைவியைக் கை நீட்டி அடித்துவிட்டான். அப்புறம் கைக்குழந்தையாக இருந்த மகள் தலையில் அடித்து, இனி எவர் மேலும் கை ஓங்கமாட்டேன் என்று சத்தியம் செய்தான். இருபது வருஷம் அதைக் காப்பாற்றினான். கடிதத்தைப் படித்த அன்று அந்தம்மா அவனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாளாம், அந்தச் சத்தியம் வீட்டுக்கு மட்டும்தானா என்று. இவன் என்னென்னவோ சொல்லிப் பார்த்திருக்கிறான். நீயே கையெழுத்துப் போட்டிருக்கிறாயே என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. காட்டாங்குளத்தூரில் ஒரு காலேஜ் ஹாஸ்டலில் மெஸ்ஸைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்துகொண்டாள். காலையில் சமைத்து மூடி வைத்துவிட்டுப் போவாள், சாயங்காலம் வருவாள், தேவைக்கு ஒரு வார்த்தை. மற்றபடி அந்த வீட்டில் டிவி மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தது.

ஜி.எஸ்.டி. ரோடு ஓரத்து டீக்கடையில் வைத்து இதையெல்லாம் அவன்தான் சொன்னான்.

"வேலை கெடக்குது மச்சான், வந்தா வருது, போனா போவுது. நான் கை ஓங்கலன்னு ஒரு பேப்பர் வேணும். சீல் வச்ச பேப்பர். அத்த கொண்டாந்து இவ கையில குடுக்கணும், வேற இன்னா கீது எனக்கு."

வாங்கிவிடலாம் என்றேன். கமிட்டி மெம்பர் இல்லையா, அப்படித்தான் சொல்லிப் பழக்கம்.

லேபர் கோர்ட்டுக்குப் போனால் வருஷக்கணக்கில் ஆகும் என்று சங்கத்தில் பயந்தார்கள். கம்பெனியும் என்னவோ யோசித்து, இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்ளும் ஒரு நடுவரிடம் விடலாம், அவர் சொல்வதை இருவரும் ஏற்றுக்கொள்ளலாம் என்றது. எழுதிக் கையெழுத்தும் ஆயிற்று. நடுவர் ஒரு ரிட்டயர்டு நீதிபதி. சேலையூரில் அவருடைய வீட்டு மாடியிலேயே விசாரணை. வாசலில் செருப்பை விட்டுவிட்டு மேலே ஏற வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு ஃபேன், கீழே மிக்ஸி ஓடினால் அது நிற்கிற வரை எல்லோரும் காத்திருக்க வேண்டும். ஆனால் மனிதர் பொறுமைசாலி. எவனும் கேட்காததை எல்லாம் கேட்டார். பட்டன் எவ்வளவு உயரம் என்று கேட்டு, என்னைச் சுவரோரம் நிறுத்திக் கையைத் தூக்கிக் காட்டச் சொன்னார்.

பிறகு கடிதத்தை எடுத்தார். கண்ணால் பார்த்ததற்கு மாறாக ஏன் எழுதினீர்கள் என்று கேட்டார். அதுதான் சார் வழக்கம் என்றேன். சொல்லும்போதே எனக்கே அசிங்கமாக இருந்தது. கம்பெனி வக்கீல், பொய் சொல்கிறார் என்றார். நடுவர் நிதானமாக, அப்படியானால் இதற்கு முன் வந்த மன்னிப்புக் கடிதங்களைக் கொண்டுவாருங்கள் என்றார்.

அடுத்த வாய்தாவுக்கு ஃபைல் வந்தது. பதினொரு கடிதங்கள். பதினொன்றும் என் கையெழுத்து. பதினொன்றிலும் வேலைப் பளு, கோபம், வார்த்தை தடித்தது, கை ஓங்கியது. அதில் ஒருவன் ஷிப்டுக்கு இருபது நிமிஷம் லேட்டாக வந்ததற்காக மன்னிப்புக் கேட்டவன். இன்னொருவன் சேஃப்டி ஷூ போடாமல் வந்தவன். அவனும் கை ஓங்கியிருந்தான். நடுவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். கம்பெனி வக்கீலும் சிரித்தார். என் நண்பன் மட்டும் சிரிக்கவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையை இன்றைக்கு நினைத்தாலும் எங்கேயாவது எழுந்து போய்விடலாம் போலிருக்கிறது.

டிஸ்மிஸ் ஆகி இரண்டு வருஷத்தில் நடுவரின் தீர்ப்பு, அவார்டு என்பார்கள், வந்தது. கெட்ட வார்த்தை பேசியது உண்மை, அதற்கு ஒரு இன்கிரிமென்ட் கட். கை ஓங்கியதாக நிரூபிக்கப்படவில்லை. டிஸ்மிஸ் செல்லாது, வேலையில் மறுபடி சேர்க்க வேண்டும். அந்த நடு வரியின் கீழே பென்சிலால் கோடு போட்டு, பிளாஸ்டிக் கவரில் வைத்து, நண்பன் வீட்டுக்குக் கொண்டுபோனான். அவன் நடையே அன்றைக்கு வேறாக இருந்தது.

பத்து நாள்தான். கம்பெனி ஹைகோர்ட்டில் ரிட் மனு போட்டு ஸ்டே வாங்கிவிட்டது. நடுவர் சொல்வதை ஏற்றுக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுத்தவர்கள்தான். ஸ்டே என்றால் என்ன என்று அந்தம்மா தன் அண்ணனிடம் கேட்டிருக்கிறாள். மேல் கோர்ட்டு நிறுத்தி வைத்துவிட்டது, இப்போதைக்கு அது செல்லாது என்று அந்த அண்ணன் சொல்லிவிட்டான். அவள் அவார்டை மறுபடி கவரில் போட்டு அலமாரியில் வைத்தாளாம். மேலே இருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கலாம் என்றாளாம்.

மேலே இருப்பவர்கள் சொல்ல ஐந்து வருஷம் ஆயிற்று. அந்த ஐந்து வருஷத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிக் கோட்டை ஸ்டேஷனில் இறங்கி நடப்போம். கேஸ் எழுபத்தெட்டாவதாக இருக்கும். முப்பதோடு கோர்ட் எழுந்துவிடும். சாயங்காலக் கூட்டத்தில் இடிபட்டுத் திரும்பி வருவோம். மூன்று மாதம் கழித்து மறுபடி. ஒரு தடவை கேஸ் கட்டைக் காணோம். ஒரு தடவை நீதிபதி மாறிவிட்டார். ஒரு தடவை எல்லாம் சரியாக இருந்தது, எங்கள் வக்கீலுக்கு வைரல் காய்ச்சல். இதற்கு நடுவில் எனக்கு ஐம்பத்தெட்டு ஆகி, மாலை போட்டு அனுப்பிவைத்தார்கள். அலுத்துப்போனேன். போகாமல் இருந்துவிடலாமா என்று ஒவ்வொரு தடவையும் தோன்றும். அவன் காலையிலேயே சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு என் வாசலில் வந்து நிற்பான், போய்த் தொலைவேன்.

ஹைகோர்ட்டில் என்னைக் கூப்பிட்டுக் கேட்பார்கள், பட்டன் உயரத்தை மறுபடி காட்டலாம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வக்கீல் சிரித்தார். இங்கே சாட்சியெல்லாம் கிடையாது, நடந்தது என்ன என்று இவர்கள் தோண்டமாட்டார்கள், நடுவர் தன் அதிகாரத்துக்குள் நின்று முறையாக முடிவு செய்தாரா என்பதை மட்டும்தான் பார்ப்பார்கள், அது நமக்கு நல்லதுதான் என்றார். நண்பன் அதைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, அப்போ நடந்ததை யார் சார் பார்ப்பார்கள் என்று கேட்டான். அதை நடுவர் பார்த்தாயிற்றே என்றார் வக்கீல்.

போன வருஷம் ஒரு வழியாகக் கேஸ் எடுத்தார்கள். அரை மணி வாதம், பத்து நிமிஷத்தில் நீதிபதி ஆர்டரைச் சொல்லி முடித்துவிட்டார். வேகமான இங்கிலீஷ், என் பாதிக் காதுக்கு ஒன்றும் எட்டவில்லை. வக்கீல் வெளியே வந்து இரண்டு பேர் கையையும் பிடித்துக் குலுக்கினார். கம்பெனியின் மனு தள்ளுபடி, அவார்டு நிற்கிறது, வேலைக்குப் போகலாம். நண்பனுக்கு இன்னும் ஒன்றரை வருஷ சர்வீஸ் பாக்கி இருந்தது. ஆர்டரில் போட்டிருக்கிறதா சார், போட்டிருக்கிறதா சார் என்று வக்கீலைப் பிடுங்கி எடுத்தான். எல்லாம் போட்டிருக்கும் என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கோர்ட்டுக்கு ஓடினார்.

மூன்று வாரம் கழித்து ஆர்டர் வந்தது. மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து, அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து விரலை வைத்து வைத்துப் படித்தேன். எனக்கு இங்கிலீஷ் ஆபீஸ் கடிதம் அளவுக்குத் தெரியும். பதினான்கு பக்கம். சாட்சியத்தை எடைபோட இந்தக் கோர்ட் அப்பீல் கோர்ட் அல்ல. அந்தக் கடிதத்தை ஒப்புதல் என்றும் கொள்ளலாம், அல்ல என்றும் கொள்ளலாம், நடுவர் ஒரு விதமாகக் கொண்டார், அதில் குறுக்கிட இடமில்லை. பதின்மூன்றாம் பக்கத்தில் வந்தது அந்த வரி. அவர் கை ஓங்கினார் என்றே வாதத்துக்காக வைத்துக்கொண்டாலும், இத்தனை வருஷம் ஒரு கறையுமில்லாமல் வேலை பார்த்தவரை டிஸ்மிஸ் செய்தது மிகையான தண்டனை.

தமிழில் சொன்னேன். அவன் இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். சொன்னேன்.

"வச்சிக்கினாலும்னா இன்னா மச்சான்? ஓங்குனேன்னு வச்சிக்கிறாரா?"

அப்படி இல்லை, சும்மா வாதத்துக்காக என்றேன். அப்போ ஓங்கவில்லை என்று எங்கேயாவது இருக்கிறதா என்றான். ஓங்கினாய் என்றும் இல்லையே என்றேன். வக்கீலுக்கு போன் போட்டோம். அவார்டில் உள்ளது அப்படியே நிற்கிறது, அதுதான் சட்டம், ஜெயித்துவிட்டு ஏன் சார் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனால் அலமாரியில் இருக்கும் அந்த அவார்டைப் பற்றி, மேலே இருப்பவர்கள் சொன்னது இவ்வளவுதான். அவன் தாள்களை அடுக்கி, ஓரத்தைத் தட்டிச் சரிசெய்து, நீயே வந்து அவளுக்குப் படித்துச் சொல், நான் சொன்னால் நம்பமாட்டாள் என்றான்.

அன்று சாயங்காலம் போனேன். அந்தம்மா ஹாஸ்டலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள், தோளில் பை இன்னும் இருந்தது. வாங்கண்ணா என்றாள். தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நண்பன் கட்டில் ஓரத்தில், ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. அவனுக்கும் தெரியாது. நான் எப்படிச் சொன்னாலும் அதுதான் தீர்ப்பு. கை ஓங்கவில்லை என்று ஹைகோர்ட்டே சொல்லிவிட்டது அம்மா என்று ஒரு வரி சேர்த்துச் சொன்னால் யாருக்கு நஷ்டம் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டுதான் போனேன். ஆனால் ஒரு தடவை என் இஷ்டத்துக்கு ஒரு வரி எழுதித்தான் அந்த வீடு இப்படி ஆனது. அதனால் உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

அவள் கவனமாகக் கேட்டாள். அப்படியென்றால் ஓங்கினார் என்றுதானே வைத்திருக்கிறார்கள் என்றாள். நான் சட்ட பாஷை, நடுவர் அதிகாரம், அப்பீல் கோர்ட் என்று வக்கீல் மாதிரி ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்தினேன். தாளைக் கீழே வைத்தேன்.

"கோர்ட்ட விடும்மா. நான் அடுத்த மெஷின்ல நின்னுட்டிருந்தேன். இவன் அந்தாளு மேல கை ஓங்கல, மேல இருந்த பட்டனத் தட்டுனான். கை நசுங்கிடப் போவுதுன்னு மெஷின நிறுத்துனான். அந்த லெட்டர் நான் எழுதுனது. எல்லாருக்கும் எழுதுறதத்தான் இவனுக்கும் எழுதுனேன். இவன் படிச்சுக்கூடப் பாக்கல."

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான், தோள் குலுங்கியது. பையைத் தோளிலிருந்து இறக்கிவைத்துவிட்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பிறகு என்னைக் கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"சேலையூர் போயி சொன்னீங்க. ஹைகோர்ட்டுக்கு அஞ்சு வருஷம் நடந்தீங்க. என்கிட்ட ஏண்ணா வந்து சொல்லல?"

கோர்ட் பேப்பர் வரட்டும் என்று இருந்தேன் என்று சொல்லலாம். அது பொய். என் கையெழுத்தைப் படித்தவள் முகத்தில் முழிக்க வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். நான் வராமல் இருந்ததற்கு அந்த இரண்டு பேரும் ஏழு வருஷம் ஒரே வீட்டில் பேசாமல் இருந்திருக்கிறார்கள்.